கூடிக் காட்டிய கலை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் கேட்டு மகிழ்வது நம் வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் ஓவியக் கண்காட்சிகளைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தனர். நாம் கலை விமரிசகர் அல்லோம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் குமாஸ்தா. ஆயினும் விடுமுறை நாட்களில் இந்நகரின் சித்திர மண்டபங்களில் நுழைந்து பார்க்கும் பழக்கம் பல ஆண்டுகளாக நமக்கு உண்டு. அந்த உரிமையில்தான் உங்கள் முன் நிற்கிறோம்.

நாள்தோறும் நாம் நடந்து செல்லும் சாலைக்கு ஆசுதோஷ் முகர்ஜி சாலை என்று பெயர். அப்பெயருக்கு உரியவர் இந்தப் பவானிபூரில் வாழ்ந்த பெருமகன். 1864-ல் பிறந்து 1924-ல் மறைந்தவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து, தகுதியுள்ளோரை எம்மாகாணத்தவர் என்று பாராமல் அழைத்து அமர்த்தியவர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1907 முதல் இந்நகரில் அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரியாக இருந்தார். அலுவல் நேரம் போக மிஞ்சிய பொழுதையெல்லாம் பௌபஜார் ஆராய்ச்சிக் கழகத்தில் செலவிட்டார். அவரைக் கண்டெடுத்து 1917-ல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆக்கியவர் ஆசுதோஷ் முகர்ஜியே. கணக்கு எழுதுவோர்க்கும் வேறொரு வாழ்வு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்கு வேண்டுமா?

அப்பெரியாரின் பெயரால் 1937-ல் பல்கலைக்கழகம் ஒரு கலைக்கூடம் அமைத்தது. அதுவே ஆசுதோஷ் இந்தியக் கலைக்கூடம். இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் நிறுவிய முதற் பொதுக் கலைக்கூடம் அதுவே. வங்கத்துச் சுடுமண் பதுமைகள், பாலர் காலத்துக் கற்சிலைகள், ஊர்ப்புறப் பெண்கள் பழந்துணிகளை அடுக்கித் தைத்த காந்தாத் துணிகள், படம் காட்டிக் கதை பாடுவோரின் சுருள் ஓவியங்கள் ஆகியவை அங்கே உள்ளன. அரசர் செதுக்குவித்த சிலைக்கு அருகிலேயே ஓர் ஏழைத் தாய் தைத்த போர்வைக்கும் இடம் தந்தது ஒரு பல்கலைக்கழகம். இதனை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். நம் வீட்டு வாசற் கோலத்தைக் கலையென்று கூறினால் நகைப்போர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர் அல்லவா?

இனிக் குழுக் கண்காட்சிகளைப் பற்றிச் சொல்வோம். தனி ஒருவர் தம் படங்களை மட்டும் காட்டுவது ஒரு வகை. பலர் கூடி, அவரவர் படைப்பை ஒரே மண்டபத்தில் மாட்டி வைப்பது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையில் கல்கத்தா நகரத்துக்குப் பெரும் புகழ் உண்டு.

1922 டிசம்பரில் இந்நகரில் ஒரு கண்காட்சி நடந்தது. இந்தியக் கீழ்த்திசைக் கலைச் சங்கம் அதனை நடத்தியது. ஜெர்மனியில் வைமார் நகரில் 1919-ல் தொடங்கிய பௌஹவுஸ் என்னும் கலைப்பள்ளியினரின் படங்கள் கடல் கடந்து இங்கு வந்தன. பால் கிளே, காண்டின்ஸ்கி, ஃபைனிங்கர், இட்டென் முதலியோர் தீட்டியவை அவை. அவற்றோடு ககனேந்திரநாத் தாகூர், அபனீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் முதலிய வங்கக் கலைஞர்களின் படைப்புகளும் ஒரே கண்காட்சியில் இடம்பெற்றன. இதற்கு ஏற்பாடு செய்வதில் முன்நின்றவர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் என்னும் அம்மையார். ஆஸ்திரிய நாட்டிலிருந்து வந்த அவர், பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இந்தியக் கலையைப் பல ஆண்டுகள் கற்பித்தார். இன்று உலகத்தின் பெருநகரங்களில் போற்றிக் காக்கப்படும் ஓவியர்களின் கைவண்ணத்தை நூறாண்டுகளுக்கு முன்பே நம் நகரத்தார் கண்டிருக்கின்றனர்.

அடுத்து வந்தது 1943. அவ்வாண்டின் பெயரைச் சொன்னாலே இங்குள்ள முதியோர் இன்றும் மௌனமாகி விடுவர். வங்கப் பஞ்சத்தில் மாண்டோர் 30 இலட்சம் வரை இருக்கலாம் என்பர். கஞ்சித் தண்ணீர் கேட்டு வந்தோர் இந்நகரத் தெருக்களில் விழுந்து இறந்தனர். ஜைனுல் ஆபிதீன் என்ற ஓவியர் கறுப்பு மையும் மலிவான தாளும் கொண்டு அக்காட்சிகளைத் தீட்டினார். அதே ஆண்டில் கலைஞர் எண்மர் கூடிக் கல்கத்தா குழு என்று ஓர் அமைப்பைத் தொடங்கினர். சுபோ தாகூர், ரதீன் மைத்ரா, நீரோத் மஜும்தார், பரிதோஷ் சென், கோபால் கோஷ், பிராண்கிருஷ்ண பால், பிரதோஷ் தாஸ்குப்தா, கமலா தாஸ்குப்தா என்போர் அவர்கள். கண்ணெதிரே மக்கள் மடியும்போது புராணக் கதைகளையே இனிய வண்ணத்தில் எழுதிக்கொண்டிருத்தல் போதாது, காலத்துக்கேற்ற புதுமொழி கலைக்கு வேண்டும் என்பது அவர்கள் துணிபு. 1950-ல் அவர்கள் பம்பாய் முற்போக்குக் கலைஞர் குழுவோடு சேர்ந்து இந்நகரில் கண்காட்சி ஒன்றும் நடத்தினர்.

இவ்விடத்தில் தமிழர்க்கு உவகை தரும் செய்தி ஒன்று உண்டு. அந்த எண்மருள் பிரதோஷ் தாஸ்குப்தா, கோபால் கோஷ், பரிதோஷ் சென் ஆகிய மூவரும் சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர்கள். வங்கத்தார் கலை பயில ஏன் சென்னைக்குச் சென்றனர்? 1929-ல் அப்பள்ளியின் தலைமையை ஏற்றவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி என்னும் வங்கப் பெருமகனார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் அங்கே பணிபுரிந்தார். சென்னைக் கடற்கரையில், பாறையைப் புரட்ட நால்வர் முயலும் உழைப்பாளர் சிலையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 1959-ல் நிறுவப்பட்ட அச்சிலை அவர் கை வேலையே. வங்கம் தந்த ஆசிரியர் சென்னையில் கற்பிக்க, சென்னையில் கற்ற மாணவர் வங்கத்தில் புதுக்கலை வளர்த்தனர். இவ்விரு நாடுகளுக்கும் இடையே நாள்தோறும் ஓடுவது ஹௌரா–சென்னை மெயில் மட்டும் அன்று.

அவருடைய மாணவருள் ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர். குடும்பத்தைக் காப்பாற்றக் கல்லூரிப் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். அதன் பின்னரே கலைப்பள்ளியில் சேர்ந்தார். 1944-ல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆசிரியருக்குப் பின் அப்பள்ளியின் தலைமையையும் ஏற்றார். 1966-ல் அவர் முன்நின்று சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார். ஓவியம் விற்றுப் பிழைப்பது அரிது என்று உணர்ந்த அக்கலைஞர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினர். கூட்டுறவின் ஆற்றலுக்கு இதுவன்றோ சான்று! பணிக்கர் 1963 முதல் தீட்டிய சொற்களும் குறிகளும் என்னும் வரிசைப் படம் ஒன்றின் அச்சுப் பிரதியை நம் காலனித் தாய்மார் ஒருவரிடம் காட்டினோம். கட்டங்களும் எழுத்துப் போன்ற கோடுகளும் நிறைந்த அதனைக் கண்டதும் அவ்வம்மையார், "இது யாருடைய ஜாதகம்?" என்று வினவினார். அருகிலிருந்தோர் சிரித்தனர். ஆனால் அவர் கூறியதே சரி. ஜாதகக் கட்டமும் பழஞ்சுவடியும் கணக்குக் குறிகளும் அவ்வோவியரின் மூலப்பொருள்கள். படித்தவர் பலர் திகைத்து நின்ற இடத்தில் பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய கண் நேரே சென்று தொட்டது.

மற்றொரு பெரியாரையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவரான கே. ஜி. சுப்பிரமணியன் 1924-ல் மலபாரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்தவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1944-ல் சாந்திநிகேதனம் வந்து நந்தலால் போஸ், வினோத்பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோரிடம் கலை பயின்றார். பரோடாவில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து, 1980-ல் சாந்திநிகேதனக் கலாபவனத்துக்கே பேராசிரியராகத் திரும்பினார். அங்கே ஒரு கட்டடத்தின் சுவர் முழுதும் கறுப்பும் வெள்ளையுமாக அவர் தீட்டிய சித்திரம் காண்போரைக் கவர்கின்றது. எண்பது வயதைக் கடந்த பின் அதனைப் புதிதாக மீண்டும் தீட்டினார். 2016-ல் மறைந்தார். தமிழர் ஒருவரை வங்கத்தார் தம் ஆசானாக ஏற்றுப் போற்றினர்.

அக்கலாபவனம் விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் அங்கம். நந்தலால் போஸின் பிறந்த நாள் டிசம்பர் 3. அதற்கு முந்திய இரு நாட்களிலும் அங்கே நந்தன் மேளா நடைபெறும். மாணவரும் ஆசிரியரும் தம் கைப்பொருள்களைக் கடை பரப்பி விற்பர். பேராசிரியர் தீட்டிய படமும் முதலாண்டு மாணவி வனைந்த மண் கிண்ணமும் ஒரே இடத்தில் விலைக்குக் கிடைக்கும். வருவாய் மாணவர் நல நிதிக்குச் சேரும். ஹௌராவிலிருந்து போல்பூருக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணமே.

கலைஞர்கள் ஏன் கூடுகின்றனர்? மண்டப வாடகை, சட்டம் போடும் கூலி, அழைப்பிதழ்ச் செலவு ஆகியவற்றை இளங்கலைஞர் ஒருவர் தனியே தாங்க இயலாது. பத்துப் பேர் பங்கிட்டால் சுமை குறையும். ஒருவருடைய படம் பார்க்க வந்தவர் மற்ற ஒன்பதின்மரையும் பார்ப்பார். 1960-ல் இந்நகரில் தொடங்கிய சமகாலக் கலைஞர் சங்கத்தில் கணேஷ் பைன், விகாஷ் பட்டாசார்ஜி, சுனில் தாஸ் முதலியோர் இவ்வாறு கூடி நின்றவர்களே. ஒருவரைப் போல் மற்றவர் தீட்டியதில்லை; ஆயினும் ஒருவரை ஒருவர் விட்டதுமில்லை. நம் சங்கமும் இத்தகையது தானே? தஞ்சையார், நெல்லையார், பாலக்காட்டார் என்று பலராக வந்தோம். சந்தா செலுத்தி ஒரு கூரையின் கீழ் கூடினோம்.

"புரியாத படத்தைப் பார்த்துப் பயன் என்ன?" என்று கேட்போர் உளர். நியாயமான வினாவே. நாம் கைக்கொண்ட முறையைச் சொல்கிறோம். மண்டபத்தில் எல்லாப் படங்களையும் ஒரே நடையில் பார்த்து முடிக்க வேண்டாம். முதலில் ஒரு சுற்று வந்து, காலை நிறுத்திய படம் எது என்று பாருங்கள். அதன் எதிரே ஐந்து நிமிடம் நில்லுங்கள். பெயர்ச் சீட்டைப் பிறகு படியுங்கள். எந்த நிறம் முதலிற் கண்ணில் பட்டது, எந்த மூலை வெறுமையாய் விடப்பட்டது என்று குழந்தைகளைக் கேளுங்கள். கலைஞர் அருகிலிருந்தால் தயங்காமல் வினவுங்கள். குழுக் கண்காட்சிகளில் அவர்கள் பெரும்பாலும் அங்கேயே இருப்பர். பிடிக்காத படத்தைப் பிடிக்கவில்லை என்று கூறவும் நமக்கு உரிமை உண்டு. இராகத்தின் பெயர் அறியாமலே பாட்டில் உருகுகிறோம். கண்ணுக்கு மட்டும் ஏன் இலக்கணம் கேட்க வேண்டும்?

இனி, சற்று வருத்தத்தோடு ஒன்று சொல்கிறோம். நம் குடும்பங்களில் சித்திரம் தீட்டும் குழந்தைகள் பலர். எட்டாம் வகுப்பு வரை அவர்கள் படத்தைச் சுவரில் ஒட்டி, வந்தவர்க்கெல்லாம் காட்டுகிறோம். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் வண்ணப் பெட்டி பரண் மேல் ஏறுகிறது. கலைக் கல்லூரியில் சேர விரும்பிய பெண் ஒருத்தியை, "சோறு போடுமா?" என்ற ஒரே கேள்வியால் வாயடைத்த வீடும் நம்மிடையே உண்டு. அத்தந்தையின் அச்சத்தை நாம் இகழவில்லை. மாதச் சம்பளத்தை நம்பி ஊர் விட்டு ஊர் வந்தவர் நாம். நிலையற்ற தொழில் என்றால் நெஞ்சு நடுங்கும். எல்லோரும் பணிக்கர் ஆகிவிட மாட்டார்கள் என்பதும் மெய். ஆனால் கலை கற்றோர் துணி நெசவிலும், புத்தக அமைப்பிலும், பள்ளி ஆசிரியப் பணியிலும், திரைப்படத்திலும் பிழைக்கின்றனர். விசாரித்து அறியாமல் மறுப்பது தகாது. உத்தியோகமே தேடினாலும், கை பழகிய கலையைக் கைவிடச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பகலெல்லாம் கணக்கு எழுதிய இராமன் மாலையில் ஆராய்ந்தாரே!

இன்னொன்று. நம் பிள்ளைகள் இம்மண்ணில் பிறந்து, இவ்வூர் மொழியில் விளையாடி வளர்கின்றனர். அவர்களைத் தமிழ் மறவாமல் வளர்ப்பது நம் கடமை. இவ்வூரின் செல்வத்தை அறியாமல் வளர்ப்பது அக்கடமையில் சேர்ந்ததன்று. ஜதீன் தாஸ் பார்க் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் இரண்டாவது நிலையம் ரவீந்திர சதன். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் நுண்கலைக் கழகத்தின் மண்டபங்கள். 1984-ல் நாட்டின் முதல் மெட்ரோ ரயில் வந்து நின்ற நம் பவானிபூரில் வாழ்ந்துகொண்டு, இரண்டு நிலையத் தூரத்தை நாம் கடக்காமலிருப்பது முறையோ?

ஆகவே செயற்குழுவினருக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, மாதம் ஒரு ஞாயிறு குடும்பங்களாகச் சேர்ந்து ஒரு கண்காட்சிக்குச் செல்வோம். இரண்டாவது, வரும் டிசம்பரில் நந்தன் மேளாவுக்குச் சங்கத்தின் சார்பில் பயணம் ஏற்பாடு செய்வோம். பயணச்சீட்டு முன்பதிவை நாமே கவனித்துக்கொள்கிறோம். மூன்றாவது, அடுத்த ஆண்டு விழாவில் இம்மண்டபத்தின் சுவர்களைக் காலியாக விட வேண்டாம். குழந்தைகளின் சித்திரமும், தாய்மாரின் கோலமும், முதியோர் பெட்டியில் கிடக்கும் தையல் வேலையும் அங்கே தொங்கட்டும். பரிசும் போட்டியும் வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் செய்தவர் பெயர் மட்டும் தெளிவாக எழுதப்பட வேண்டும்.

பரணில் இருக்கும் வண்ணப் பெட்டிகளை இவ்வாரமே கீழே இறக்குங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.