நா எழாதபோதும் பாட்டு எழும்
(பங்கு யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பக்கவாதத்தால் பேச்சிழந்த என் தகப்பனாரோடு நாங்கள் பேசவில்லை. அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிப் பேசினோம். அவர் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

1861-ல் பாரிஸில் டாக்டர் புரோக்கா கண்ட நோயாளி "டான்" என்றே சொல்வார். ஆயினும் பிறர் பேச்சைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார். பழுது மூளையின் இடப்புற முன்பகுதியில் இருந்தது. 1745-ல் சுவீடனில் பேச்சிழந்த ஓர் இளைஞர், முன்பு கற்ற ஞானப்பாடல்களைத் தெளிவாகப் பாடியதாக ஓலோஃப் டாலின் எழுதினார். 1973 முதல் பாஸ்டனில், சொல்லை இராகமாக இழுத்துப் பழக்கும் பயிற்சி வளர்ந்தது. எல்லாருக்கும் அது பலிப்பதில்லை, பலருக்கு உதவியிருக்கிறது.

எனவே தாமதமின்றிப் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறு வாக்கியமாகக் கேளுங்கள். அவர் சொல்லை நீங்கள் முடிக்காதீர்கள், காத்திருங்கள். கோவிலில் பாடும்போது அவரையும் அருகில் அமர்த்துங்கள்.