கைமாறும் பொருளும் காக்கும் முறையும்



விலையுயர்ந்த பொருளொன்றை முன்பின் அறியாதவரிடம் விற்கச் சென்று உயிரையே இழந்தவன் கதை தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் கற்ற மாணவர் அனைவரும் அதனை அறிவர். கண்ணகியை ஆயர் சேரியில் மாதரியிடம் விட்டுவிட்டு, ஒற்றைச் சிலம்போடு கோவலன் மதுரை நகருக்குள் தனியே செல்கிறான். வழியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடம் சிலம்பைக் காட்டுகிறான். அரசனிடம் அறிவித்து வரும்வரையில் தன் வீட்டருகேயுள்ள சிறு குடிலில் இருக்குமாறு கொல்லன் கூறுகிறான், கோவலனும் இருக்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அக்கொல்லன் என்பதை அவன் எவ்வாறு அறிவான்?

ஊழ்வினையே அக்கேட்டுக்குக் காரணம் என்று காப்பியம் கூறும். ஆயினும் உலகியல் நோக்கிலும் அதனைச் சற்று ஆராயலாம். கோவலன் துணையின்றித் தனியே சென்றான். வாங்குவோன் காட்டிய இடத்திலே காத்திருந்தான். பொருள் தன்னுடையதே என்பதற்குரிய அடையாளத்தை எடுத்துரைக்க அவனுக்கு வாய்ப்பே கிட்டவில்லை. அந்த அடையாளத்தைக் கண்ணகி பின்னர் எடுத்துரைத்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பிலோ முத்துப்பரல். உண்மை வென்றது, ஆனால் காலங்கடந்து வென்றது.

இந்தப் பழங்கதையை நினைக்கும்படியான நிகழ்ச்சியொன்று சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்தது. என் தமக்கையின் கணவர் வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்தவர். அவர் விட்டுச் சென்ற பொருள்களுள் சுவிட்சர்லாந்து நாட்டுக் கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. அதன் விலை சில இலட்சம் பெறும். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக அதனை விற்றுவிடத் தமக்கையார் முடிவு செய்தார். இணையத்தில் படத்தோடு விளம்பரம் செய்தோம். அன்று மாலையே ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இராமேசுவரத்திற்குத் தீர்த்தமாட வருவதாகவும், மறுநாள் மாலை தனுஷ்கோடிக்குக் கடிகாரத்தைக் கொண்டு வந்தால் முழுத் தொகையையும் ரொக்கமாகத் தருவதாகவும் கூறினார். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை.

நான் மகிழ்ந்துபோனேன். போகவும் சித்தமானேன். அப்போது தமக்கை மகள், "மாமா, கோவலனும் இப்படித்தானே போனான்?" என்றாள். நான் திடுக்கிட்டேன். 1964-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த ஊர் தனுஷ்கோடி. பகலில் மக்கள் வந்து காணும் அக்கடற்கரை, பொழுது சாய்ந்தால் ஆளரவமற்றுப் போகும். அவ்விடத்திற்குச் சில இலட்சம் பெறும் பொருளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தனியே செல்ல இருந்தேன்! மறுநாள் காலையில் இராமநாதபுரத்தில் எங்கள் வங்கிக்கு வருமாறு அவரிடம் கூறினேன். அதன்பின் அவரிடமிருந்து அழைப்பே இல்லை. அவர் திருடர் என்று நான் கூற மாட்டேன். நான் அறிந்தது அவ்வளவே.

ஐயுறுவது பண்பாகுமா என்று உங்களுள் சிலர் கேட்கலாம். இதற்கு விடை நம் கடற்கரையின் பழைய முத்து வாணிகத்திலே இருக்கிறது. சிறியதும் விலை மிக்கதும் எளிதில் மறைக்கத்தக்கதுமான பொருளுக்கு முத்தைக் காட்டிலும் வேறு சான்று வேண்டுமா? கீழக்கரையிலிருந்து சென்ற முத்துக்குளிப்போர் எதிர்க்கரையிலுள்ள மன்னார்ப் பகுதியிலும் மூழ்கி முத்தெடுத்தனர். அங்கே 1905-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. கரை சேருமுன்னரே படகிலே சிப்பியைத் திறந்து முத்தை ஒளிப்பவர் உண்டு என்பதால் படகுகளில் காவலர் அமர்த்தப்பட்டனர்.

கரையில் வேலியிட்ட பெரிய கொட்டகைக்குள் சிப்பிகள் கொண்டுவரப்படும். குளிப்பவர் தாமே அவற்றை மூன்று குவியல்களாகப் பிரிப்பர். இரண்டு அரசுக்கு; ஒன்று அவர்களுக்கு. ஆனால் அரசுக்குரிய இரண்டு எவை என்று சுட்டுபவர் அதிகாரி. ஒரு குவியலைச் சிறிதாக்கினால் அதுவே தம் பங்காகிவிடும் என்பதைக் குளிப்பவர் அறிவர். ஆதலால் மூன்றையும் ஒத்த அளவினவாகவே பிரிப்பர். பின்னர் அரசின் பங்கு, ஆயிரம் ஆயிரமாகப் பலர் முன்னிலையில் ஏலம் விடப்படும். அங்கே எவரையும் எவரும் கள்வர் என்று இகழவில்லை. களவுக்கு இடமில்லாத முறையொன்றை வகுத்தனர். அது நேர்மையாளர்க்கும் பாதுகாப்பாயிற்று.

அம்முறையையே நாங்களும் பின்பற்றினோம். அடுத்த வாரம் மதுரையிலிருந்து வேறொருவர் அழைத்தார். வங்கிக்கு வர இசைந்தார். கடிகாரத்திற்குரிய வரிசை எண்ணை முன்னதாகவே குறித்துப் படமும் எடுத்து வைத்தோம். ஒவ்வொரு கடிகாரத்திற்கும் தனித்தனியே பொறிக்கப்படும் அவ்வெண்ணை மாணிக்கப் பரல் என்றே கொள்ளலாம். களவுபோன கடிகாரங்களின் எண்களைத் தொகுத்து வைக்கும் நிறுவனமொன்று இலண்டனில் இயங்குகிறது. ஆனால் விளம்பரப் படத்தில் அவ்வெண் முழுவதும் தெரியுமாறு விடலாகாது. பிறர் அதனைத் தமதெனக் கூற இடமாகும்.

குறித்த நாளில் நானும் என் நண்பரும் சென்றோம். வந்தவர் கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவரைத் தம்மோடு அழைத்து வந்திருந்தார். வங்கி மேசைமீது கடிகாரத்தை வைத்தோம். அது பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டது முதல் கைமாறியது வரை என் கண் அதை விட்டு அகலவில்லை. அவர் தம் கைப்பேசியில், பணம் அனுப்பியாயிற்று என்ற செய்தியைக் காட்டினார். அதனை நான் போதுமென்று கொள்ளவில்லை. அத்தகைய செய்தியைப் பொய்யாகவும் புனைந்துவிடலாம். எங்கள் கணக்கில் தொகை சேர்ந்ததை வங்கி அலுவலர் கூறிய பின்னரே கடிகாரத்தை அளித்தோம். எண்ணும் தொகையும் நாளும் குறித்த சீட்டில் இருவரும் கையொப்பமிட்டோம்.

மாணவர்களே, இன்னும் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். 2 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரே விற்பனைக்கு ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடுத்துள்ளது. ஆகவே பெருந்தொகையை ரொக்கமாகத் தருவதாகச் சொல்பவரிடம் அச்சட்டத்தையே காரணமாகக் காட்டி மறுக்கலாம். மேலும், கைப்பேசி வழியாகப் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. பணம் செலுத்துவதற்கே அது தேவை. பணம் அனுப்புவதாகச் சொல்லி அவ்வெண்ணைப் பதியச் சொல்பவர் உங்கள் பணத்தை எடுக்கவே முயல்கிறார். ஏமாந்துவிட்டால் வெட்கி மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அறிவியுங்கள். ஒருவர் வலிந்து பறிக்க முனைந்தால் பொருளுக்காகப் போராடாமல் விட்டுவிட்டு, 112-ஐ அழையுங்கள். பொருளை மீண்டும் ஈட்டலாம். உயிரை ஈட்ட இயலாது.

வங்கியை விட்டு வெளியே வந்தபோது, இத்தனை கட்டுப்பாடுகளால் அவர் வருந்தியிருப்பாரோ என்று தயங்கி, மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "ஐயா, இது திருட்டுக் கடிகாரமாக இருக்குமோ என்று நானும் வழியெல்லாம் அஞ்சிக்கொண்டே வந்தேன். வங்கிக்கு வாருங்கள் என்று நீங்கள் சொன்னபோதுதான் என் அச்சம் நீங்கிற்று" என்றார்.

அன்று மாலையே கல்லூரிக் கட்டணம் செலுத்தப்பட்டது. கோவலனை நினைவூட்டிய அப்பெண் இப்போது முதலாண்டு படித்து வருகிறாள்.