விடை கேட்கும் பாடம்
(நீலமலைத் தமிழாசிரியரிடையே ஆற்றிய உரை)



இம்மலைச் சரிவுகளில் கொழுந்து பறிப்போருள் பலர், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாத்திரி உடன்படிக்கையால் இலங்கையினின்று வந்து குடியேறியோரின் வழியினர். அவர்தம் மக்களை உயர்த்தவல்லது கல்வி ஒன்றே. அக்கல்வி கணினித் திரை வழியே வருமாயின், அவர்க்கு விளங்கும் தமிழில் வருதல் வேண்டும். அத்தகு பாடத்தை ஆக்குவது எங்ஙனம்?

கணினித் துறையில் தமிழ் பின்தங்கிய மொழியன்று. 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடிற்று. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றிற்று; இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகமாக நின்று பணியாற்றுகின்றது. அவ்வழியில் நாமும் நடக்கலாம்.

முதலாவதாக, நூலின் பக்கங்களைப் படமெடுத்துத் திரையில் ஏற்றுவது கணினிப் பாடம் ஆகாது. பாடம் மாணவனை வினவ வேண்டும். அவன் விடைக்கு மறுமொழி தரவும் வேண்டும். தேயிலையையே எடுத்துக்கொள்வோம். வாட்டுதல், உருட்டுதல், நிறமேறவிடுதல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்னும் ஐந்து படங்களைக் கலைத்து வையுங்கள், மாணவன் வரிசைப்படுத்தட்டும். உலர்த்துதலை அவன் முன்னே வைத்தால், 'தவறு' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். 'சூடு பட்டால் நிறமேற்றம் நின்றுவிடுமே!' என்று காரணத்தைக் காட்டுங்கள். அக்காரணமே பாடம்.

இரண்டாவதாக, படம் ஓடுகையில் குரல் அதனை விளக்கட்டும். அதே சொற்றொடர்களைத் திரையிலும் நிரப்பினால் கண் எழுத்திற் சிக்கும், படத்தைக் காணாது. காது கேளாதார்க்கு வேண்டுமாயின் எழுத்தைத் தோற்றுவிக்கும் பொத்தான் ஒன்று இருக்கட்டும்.

மூன்றாவதாக, கருவியைத் தேர்வதில் விழிப்பு வேண்டும். பிளாசு என்னும் மென்பொருளில் உலகெங்கும் எத்துணையோ பாடங்கள் ஆக்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு அடோபி நிறுவனம் அதனைக் கைவிட்டது. பாடங்கள் பல முடங்கின. ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் நம் உழைப்பை வைத்தல் தகாது. நார்வேயில் உருவான எச்5பி கட்டற்ற மென்பொருள், விலையின்றிக் கிடைப்பது. அதில் ஆக்கும் பாடத்தை லூமி என்னும் துணைக்கருவி ஒற்றைக் கோப்பாக்கித் தரும். இணையம் எட்டாத தோட்டக் குடியிருப்பிலும் அக்கோப்பு இயங்கும்.

நான்காவதாக, எழுத்து ஒருங்குறியிலேயே அமைக. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றது. பழைய தனித்தனி எழுத்துருக்களில் அடித்தால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வெறுங்குறிகளாய்ச் சிதறும்.

ஐந்தாவதாக, சொல். அயற்சொல்லை அப்படியே கொட்டுவதும் தவறு. விளங்காத புதுச்சொல்லை விளக்கமின்றித் திணிப்பதும் தவறு. தூய தமிழ்ச் சொல்லை முதன்முறை ஆளும்போதே படத்தோடும் ஒலிப்போடும் காட்டுக. பின்னர்ப் பாடமெங்கும் அதனையே ஆள்க. 'கொழுந்து' போன்று தோட்டத்தில் வழங்கும் நல்ல சொல் இருக்கையில் வேறொன்று தேடி அலைய வேண்டா.

முடித்ததும் ஒரு குழந்தையின் கையில் பாடத்தைக் கொடுத்து, வாய் திறவாது அருகிருந்து பாருங்கள். அது தயங்கும் இடமெல்லாம் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

பெரும்பொருள் வேண்டியதில்லை, ஒரு கணினியும் ஒரு மாலைப்பொழுதும் போதும். ஆளுக்கொரு பாடம் ஆக்குவோம்! தோட்டத்துப் பிள்ளை தாய்மொழியில் வினாவிற்கு விடை காணட்டும்!