படத்துக்குக் கீழ யாரு எழுதுறது?

நடுவுல ஒரு விமானச் சத்தம் வரும், கண்டுக்காதீங்க. லாஸ்பேட்டையில, ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல, மொட்டை மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். எடிட்ல எடுத்துடலாம்னு நெனச்சேன், அப்புறம் இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இங்க ஜீவானந்தபுரத்துல தேசிய ஆவணக் காப்பகத்தோட கிளை ஒண்ணு இருக்கு. ஸ்கூல் படிக்கும்போது டியூஷனுக்கு அந்த வழியாத்தான் போவேன். ஏதோ கவர்மென்ட் ஆபீஸ்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். பிரெஞ்சுக்காரங்க ஆட்சிக் காலத்துக் காகிதங்கள் அங்க இருக்குன்னு தெரிஞ்சது இஞ்சினியரிங் முடிச்சு வேலைக்குப் போன பிறகுதான். லாஸ்பேட்டைங்கிற பேரே கவர்னர் லா தெ லோரிஸ்தோன் பேர்ல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க. ஊர் பேர்லயே ஒரு கவர்னர் உட்கார்ந்திருக்கார், நமக்குத்தான் தெரியல.

அந்த மாதிரி ஆட்சிக் காகிதங்கள்ல நம்ம ஆட்கள் எப்படி வருவாங்க? ஒரு உதாரணம் சொல்றேன். 1848-ல பிரெஞ்சுக் காலனிகள்ல அடிமை முறையை ஒழிச்சாங்க. விடுதலையான கறுப்பின மக்கள்ல நிறைய பேர் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறினாங்க. அந்த இடத்துக்கு ஆள் தேவைப்பட்டுது. புதுச்சேரி, காரைக்கால்ல இருந்து ரியூனியனுக்கும், 1853-ல இருந்து மார்த்தினிக்குக்கும், அடுத்த வருஷத்துல இருந்து குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளா தமிழர்களைக் கப்பல் ஏத்தினாங்க. ஆட்களை எண்ணி, பட்டியல் போட்டு அனுப்பினாங்க. நான் டேட்டாபேஸ்ல வேலை பார்க்குறவ, என் பாஷையில சொல்லணும்னா, ரெக்கார்ட் இருக்கு, ஆனா எந்தக் காலம் வேணும்னு முடிவு பண்ணது கப்பல் ஏத்தினவங்க. ‘நீ எதுக்கும்மா கிளம்பின?’ன்னு கேட்க ஒரு காலம் இல்ல.

இதே பிரச்சினை லண்டன்லயும் இருந்தது. பிரிக்ஸ்டன்ல கறுப்பினப் பண்பாட்டு ஆவணக் காப்பகம் 1981-ல ஆரம்பிச்சது. எங்க வரலாற நாங்களே சேர்த்து வெப்போம்னு லென் கேரிசனும் இன்னும் சிலரும் தொடங்கினது. அதே பிரிக்ஸ்டன்ல ஆலிவ் மோரிஸ்னு ஒரு பொண்ணு இருந்தாங்க. வீட்டுரிமை, போலீஸ் அராஜகம், கறுப்பினப் பெண்கள் இயக்கம், எல்லாத்துலயும் முன்னாடி நின்னவங்க. 1979-ல, 27 வயசுல இறந்துட்டாங்க. அவங்களைத் தெரிஞ்சவங்க பத்திரமா வெச்சிருந்த காகிதங்களும், 2008-ல ஆரம்பிச்ச ஒரு கூட்டு முயற்சியில எடுத்த பேட்டிகளும் இப்போ லாம்பெத் ஆவணக் காப்பகத்துல இருக்கு. யாராவது உட்கார்ந்து கேட்டு, எழுதி, பெட்டியில போட்டதாலதான் இருக்கு. எனக்கும் கிட்டத்தட்ட அந்த வயசு. என் மெயில் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. [சிரிப்பு]

சரி, நம்ம பக்கம் வரேன். மும்பையில ஸ்பாரோன்னு பெண்களுக்கான ஒரு ஒலி, படக் காப்பகம் 1988-ல இருந்து இருக்கு. அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் நம்ம அம்பை. ஆனா எனக்கு மண்டையில ஏறினது தெலங்கானாவுல ஜகீராபாத் பக்கத்துக் கதைதான். டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியோட சங்கங்கள்ல இருந்த தலித் பெண்கள், பள்ளிக்கூடம் போகாதவங்க, விவசாயக் கூலிங்க, 1990-களோட கடைசியில வீடியோ எடுக்கக் கத்துக்கிட்டாங்க. விதை, சிறுதானியம், நிலம்னு அவங்க ஊர் விஷயத்தை அவங்களே படமெடுத்தாங்க. 2008-ல சொந்தமா ஒரு சமுதாய வானொலியும் வந்துடுச்சு.

கேமராக் கோணத்துக்கு அவங்க வெச்ச பேரைக் கேளுங்க. மேல இருந்து கீழ பார்த்து எடுத்தா ‘பட்டேல் ஷாட்’, அதாவது பண்ணையார் பார்வை. கீழ இருந்து அண்ணாந்து எடுத்தா ‘அடிமை ஷாட்’. கண்ணுக்கு நேரா எடுத்தா ‘சங்கம் ஷாட்’, ஏன்னா சங்கத்துல எல்லாரும் ஒரே தரையில சமமா உட்காருவாங்க. நான் இதைப் படிச்ச அன்னைக்கு லேப்டாப்பை மூடி வெச்சிட்டேன். பயிற்சின்னா பட்டனை எங்க அழுத்தணும்னு சொல்லிக் கொடுக்கிறதுன்னுதான் நான் நெனச்சிருந்தேன்.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சதுதான் எங்க ஞாயித்துக்கிழமை வகுப்பு. எங்க அம்மா பிறந்த தெருவுல இருந்து அஞ்சு பொண்ணுங்க, எல்லாருக்கும் இருபது வயசுக்குள்ள. அந்தத் தெருப் பேரைச் சொன்னா இந்த ஊர்ல எங்க ஜாதி தெரிஞ்சிடும். காலேஜ்ல நாலு வருஷமும் நான் அந்தப் பேரை யார்கிட்டயும் சொன்னதில்ல. இது பின்னாடி வரும், ஞாபகம் வெச்சிக்கோங்க.

வகுப்பு எளிமையானது. பழைய போட்டோவை ஃப்ளாஷ் இல்லாம, ஜன்னல் வெளிச்சத்துல, போனாலயே எடுக்கலாம். கண்ணாடியில ஒட்டிக்கிட்ட படத்தைப் பிடுங்கக் கூடாது, ஃப்ரேமோட எடுங்க. கடல் காத்து உள்ள ஊர், படத்தைப் பீரோவுல சுவரை ஒட்டி வெக்காதீங்க. பின்னாடி எழுதணும்னா பென்சில், பால் பாயிண்ட் வேண்டாம். ஃபைலை மூணு இடத்துல வெங்க. இதெல்லாம் ரெண்டே வாரத்துல முடிஞ்சிடுச்சு. மூணாவது வாரம் படத்துக்குக் கீழ குறிப்பு எழுதுறது. அங்கதான் மாட்டிக்கிட்டோம்.

ஒரு பொண்ணு அவ ஆயாவோட ஸ்டூடியோ படம் கொண்டு வந்தா. மூணு இளம் பெண்கள், பின்னாடி வரைஞ்ச மாளிகை, நடுவுல இருக்கிறவங்க கையில வாட்ச். ‘ஆயாவும் தோழிகளும்’னு எழுதியிருந்தா. ஆயாகிட்ட படிச்சுக் காட்டச் சொன்னேன். ஆயா சொன்னது இது: “தோழிங்க இல்ல கண்ணு, மில்லுல ஒரே ஷிப்ட்டு. அன்னைக்கு சம்பளத்துல ஏத்தம் வந்துது, நேரா போய் படம் புடிச்சோம். வாட்ச் ஸ்டூடியோக்காரனுது.”

யோசிச்சுப் பாருங்க. 1936 ஜூலை 30, சவானா மில் துப்பாக்கிச் சூடு, 12 தொழிலாளிங்க செத்தாங்க. பாண்டிச்சேரி மில் வரலாறுன்னா நமக்கு அதுவும் சுப்பையாவும்தான் தெரியும், தெரியவும் வேணும். ஆனா சம்பள உயர்வை ஸ்டூடியோவுக்குப் போய்க் கொண்டாடின மூணு பெண்கள் எந்தப் பக்கத்துல வருவாங்க? ஆயா திருத்தலன்னா அது வெறும் குடும்பப் படமாவே போயிருக்கும்.

இனி என் தப்பு. குறிப்பெல்லாம் ஒரு ஷீட்ல போட்டோம். தெருப் பேருக்கும் ஒரு காலம் வெச்சிருந்தேன், ஆவணம்னா இடம் வேணும் இல்லையா. ஷேரிங்கை ‘லிங்க் இருந்தா யாரும் பார்க்கலாம்’னு விட்டுட்டேன். தினமும் ஆபீஸ்ல மத்தவங்க கோடுல இதே தப்பைக் கண்டுபிடிச்சுத் திட்டுறவ நான். லிங்க் சொந்தக்காரங்க குரூப்புக்குப் போய், அங்கேருந்து எங்கெங்கயோ போயிடுச்சு. ஆயா வீட்டுக்கே வந்துட்டாங்க. சத்தம் போடல. “படம் இருக்கட்டும் பாப்பா, மில்லும் இருக்கட்டும். தெருப் பேர மட்டும் எடுத்துடு. இவளுக்கும் இவ தங்கச்சிக்கும் டவுன்ல வாடகைக்கு வீடு பார்க்குறோம்.”

எடுத்தேன். அந்தப் பொண்ணு கோவிச்சுக்கிட்டா. “அக்கா, இதையும் மறைச்சா அப்புறம் எதுக்கு இதெல்லாம்? தெரியட்டும்னுதானே பண்றோம்?” எனக்குப் பதில் தெரியல. காலேஜ்ல வாயைத் திறக்காதவ அவளுக்கு என்ன சொல்றது?

பெரிய காப்பகங்கள்ல இதுக்கு ஒரு வழி உண்டு. ஆவணத்தை அழிக்காம, இத்தனை வருஷத்துக்கு அப்புறம்தான் திறக்கணும்னு குறிச்சு மூடி வெப்பாங்க. நாங்களும் ஷீட்ல ‘யாருக்கு, எப்போ’ன்னு ஒரு காலம் சேர்த்தோம். படத்துல இருக்கிறவங்களைக் கேட்டுத்தான் அதை நிரப்பணும், நான் நிரப்பக் கூடாது. ஷீட்டும் இப்போ என் பேர்ல இல்ல, அஞ்சு பேர் கையில இருக்கு. நான் பார்க்க மட்டும்தான் முடியும். ஓனருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பிக் காத்திருக்கிறது எப்படி இருக்கும்னு இப்போதான் தெரியுது.

வீடு போன மாசம் கிடைச்சுடுச்சு. அன்னைக்கே அவ ஆயாகிட்ட போய்க் கேட்டிருக்கா. “அட்வான்ஸ் குடுத்து மூணு மாசமாவது போகட்டும்டி”ன்னாங்களாம். படத்துல இருந்த மத்த ரெண்டு பேர்ல ஒருத்தவங்க முத்தியால்பேட்டையில இருக்காங்கன்னும் சொல்லியிருக்காங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை அங்க போறோம். தெருப் பேர் வரியில இப்போ அவ கையால ஒரே ஒரு குறிப்பு இருக்கு: ‘ஆகஸ்ட்ல திரும்பக் கேட்கணும்.’