ஊராட்சித் தீர்மானப் புத்தகமும் நம் மாவட்ட வரலாறும்



இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகால் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. ஓசூர்ப் பகுதி 1799இல் அதோடு சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து, உழுபவனிடமே நேராக வரி வாங்கிப் பழகிய முறைதான் பிறகு ரயத்துவாரியாக சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவியது. அன்று முதல் இம்மண்ணின் ஆட்சி வரலாறு வசூலின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. இப்பகுதி அன்று அடங்கியிருந்த சேலம் மாவட்டத்துக்கு லெ ஃபானு எழுதிய 1883ஆம் ஆண்டுக் கையேடும், ரிச்சர்ட்ஸின் 1918ஆம் ஆண்டு கெசட்டியரும் அரிய நூல்கள். அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அவற்றில் கேட்பது அரசுக் கச்சேரியின் குரல். ஊரின் குரல் மிகக் குறைவு.

ஊரின் குரல் எங்கே இருக்கிறது? பழைய ஊராட்சித் தீர்மானப் புத்தகம் ஒன்றைத் திறந்து பாருங்கள். தேதி, பொருள், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், கீழே கையெழுத்துகள், எழுதத் தெரியாதவரின் கைநாட்டு. எந்தத் தெருவுக்கு முதலில் விளக்கு, எந்தக் காலனிக்குக் கடைசியில் குழாய் என்பதைக் கெசட்டியர் சொல்லாது; இந்தப் புத்தகம் சொல்லும்.

ஓசூர் அருகே தொரப்பள்ளியில் மணியம் பார்த்த கிராம முன்சீப்பின் மகன் ராஜாஜி, 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார். ஆட்சி நியமனப் பதவியிலிருந்து மன்றத்துக்கு நகர்ந்த காலத்தை ஒரே குடும்பத்தில் காணலாம். முன்சீப், கர்ணம் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றமோ தொடர்ந்து நடக்கவில்லை. 1970க்குப் பின் ஊராட்சித் தேர்தல் 1986இல்தான் வந்தது. 2016இல் நின்றுபோன தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மன்றம் இல்லாதபோது தனி அலுவலர்களே தீர்மானித்தார்கள். அந்த இடைவெளிகளில் ஊர் எப்படிப் பேசியது, யாரிடம் முறையிட்டது என்பதை நாம் இன்னும் ஆராயவில்லை.

இன்னொரு கவலையும் உண்டு. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஓசூர் வீங்கி வளர்ந்தது. மத்திகிரி பேரூராட்சியும் ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி போன்ற ஊராட்சிகளும் நகரோடு இணைந்தன. 2019இல் மாநகராட்சியும் ஆயிற்று. இணைந்த ஊராட்சிகளின் பழைய பதிவேடுகள் இன்று எந்த அலமாரியில் கிடக்கின்றன? வயலைத் தொழிற்சாலைக்குக் கொடுத்த தலைமுறையின் வாதங்கள் அவற்றில்தான் இருக்க வேண்டும்.

மறுகோடியில் கெலமங்கலம் ஒன்றியத்துப் பெட்டமுகிலாளம் இருக்கிறது. மலையில் சிதறிய குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சி அது. அங்கே கிராம சபைக்கு வருவதே ஒரு நாள் வேலை. ஜூஜூவாடியையும் பெட்டமுகிலாளத்தையும் ஒரே சட்டம் ஆண்டிருக்கிறது. அது இரண்டிடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்ததா என்பதே மாவட்ட வரலாறு பேசக் கூடியிருக்கும் இந்த மாநாட்டின் முதன்மைக் கேள்வியாக வேண்டும் என்பது என் கருத்து.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் வட்டாரம் இது. இப்பதிவேடுகளை ஆராய ஒருவரால் முடியாது, மூன்றும் வாசிக்கும் குழு வேண்டும். முன்னாள் ஊராட்சித் தலைவர்கள் பலர் முதுமையில் இருக்கிறார்கள். தளி, கெலமங்கலம் ஒன்றியங்களிலிருந்து இந்த ஆண்டே பதிவேட்டுப் பட்டியலையும் வாய்மொழிப் பதிவையும் தொடங்குமாறு வேண்டி, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.