மக்பைப் பறவையின் குறும்பும் குற்றமும்

இங்கிலாந்து தேசத்து இல்லத் தோட்டமொன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். புற்றரையிலே பூனையொன்று தனக்கு வைத்த உணவைத் தின்றுகொண்டிருக்கின்றது. அதன் முன்னே ஒரு பறவை வந்து தத்தித் தத்தி நிற்கின்றது. அதன் துணையோ பின்புறமாக ஓசையின்றி நடந்து வருகின்றது. பின்னே வந்த பறவை பூனையின் வாலை அலகினாற் பற்றி ஓர் இழுப்பு இழுக்கின்றது. பூனை சினந்து திரும்புகின்றது. அக்கணமே முன்னே நின்ற பறவை உணவைக் கவர்ந்துகொண்டு பறந்துவிடுகின்றது.

இக்குறும்பைச் செய்வது மக்பை என்னும் பறவை. கறுப்பும் வெள்ளையும் கலந்த மேனியும், வெயிலில் நீலமும் பச்சையுமாக மின்னும் நீண்ட வாலும் உடையது. காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நீளம் ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர். அதிற் பாதிக்கு மேல் வாலேயாகும்.

உணவு இல்லாத வேளையிலும் அது பூனையைச் சீண்டுவதுண்டு. அதற்கும் காரணம் இல்லாமலில்லை. முள் நிறைந்த சுள்ளிகளாற் கூரையும் வேய்ந்து கூடு கட்டும் இப்பறவைக்கு, மரமேறும் பூனை குஞ்சுகளின் பகைவன். ஆகவே, நாலைந்து பறவைகள் கூடிக் கூச்சலிட்டு அதனைத் துரத்துகின்றன.

ஆடுகளிடத்தும் மான்களிடத்தும் அதன் நடத்தை வேறு. அவற்றின் முதுகில் அமர்ந்து உண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். அவையும் அசையாது நிற்கும். எனினும், முதுகிலே புண்ணிருந்தால் அதனையும் கொத்தும். நட்பென்றும் பகையென்றும் நாம் வகுத்த எல்லைகளை அப்பறவை அறியாது; அது அறிந்தது பசி ஒன்றே.

இனி, அதன்மேற் சாட்டப்படும் பெருங்குற்றத்துக்கு வருவோம். வசந்த காலத்தில் அது சிறு பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கின்றது. தோட்டத்துக்கு உரியவர் கண்ணெதிரே நிகழும் கொடுமை இது. இங்கிலாந்தின் பாடும் பறவைகள் பல அருகி வந்த அதே காலத்தில், மக்பைகள் பெருகவும் செய்தன. ஆகவே, இதுவே கொலையாளி எனப் பலரும் தீர்ப்புக் கூறினர். பொறிவைத்துப் பிடித்துக் கொன்றோரும் உளர்.

ஆனால், தீர்ப்புக்கு முன் சாட்சியத்தை ஆராய்தல் வேண்டுமன்றோ? பல ஆண்டுகளாகச் சேர்த்த பறவைக் கணக்கெடுப்புகளை அறிஞர்கள் ஆராய்ந்து, 1998ஆம் ஆண்டில் முடிவினை வெளியிட்டனர். மக்பைகள் பரவியமைக்கும் நாட்டுப்புறப் பாடும் பறவைகள் குறைந்தமைக்கும் தொடர்பு காணப்படவில்லை. வேலிப் புதர்கள் அழிக்கப்பட்டமையும், பூச்சிகொல்லி மருந்துகள் தெளிக்கப்பட்டமையும், பயிர்ச்செய்கை முறைகள் மாறியமையும் அப்பறவைகளின் உணவையும் உறைவிடத்தையும் பறித்தன. அவையாவும் மனிதன் செய்தவை.

இப்பறவையின் உறவினம் ஒன்று இலங்கையிலும் உண்டு. செவ்வலகும் செங்கால்களும் நீல உடலும் கொண்ட நீல மக்பை, உலகில் வேறெங்கும் இல்லாது இத்தீவின் ஈரவலயக் காடுகளில் மட்டுமே வாழ்கின்றது. சிங்கராஜ வனத்தில் அதனைக் காணலாம். காடுகள் அழிய அழிய அதுவும் அருகி வருகின்றது.

பூனையின் வாலை இழுக்கும் பறவையைக் குறும்பன் என்போம். கூட்டைக் கலைக்கும் பறவையைக் கள்வன் என்போம். வேலியை வெட்டியவனுக்கும் காட்டை அழித்தவனுக்கும் நாம் சூட்டும் பெயர் யாது? சிந்திப்போமாக.