கொள்கையா? பரிசோதனையா?

(ஆண்டுக் கூட்டத்தில் மாணவர்க்கு நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் மாணவர் பலர், இறுதியாண்டிலே சிறியதோர் ஆராய்ச்சி செய்து அறிக்கை சமர்ப்பிக்கின்றனர். நனோப்பொருள் ஆராய்ச்சியை நாடுவோர் முன் அப்பொழுது இரு வாயில்கள் தோன்றுகின்றன. ஒன்று, கணிதத்தையும் கணினியையும் துணைக்கொள்ளும் கொள்கை வழி. மற்றது, ஆய்வுகூடத்திற் பொருளை ஆக்கி அளந்தறியும் பரிசோதனை வழி. எவ்வழியிற் செல்வது? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம்.

ஒரு மில்லிமீற்றரைப் 10 இலட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறே நனோமீற்றராகும். பொருள்கள் 1 முதல் 100 நனோமீற்றர் வரையான அளவிற்குச் சிறுக்கும்போது புதிய குணங்கள் பூணுகின்றன. மஞ்சட் பொன் நீரிலே செந்நிறங் காட்டுவது இதற்குச் சான்று.

அச்செந்நிற நீரை ஆராய்ந்த மைக்கேல் பரடே, நிறத்திற்குக் காரணம் மிக நுண்ணிய பொற்றுணிக்கைகளே என 1857இல் எடுத்துரைத்தார். அந்நிறம் தோன்றும் விதத்தைக் கணிதத்தால் விளக்கியவர் குஸ்தாவ் மீ, ஆண்டு 1908. இங்கே பரிசோதனை முந்திற்று. கொள்கை 51 ஆண்டுகள் பிந்தி வந்தது.

நம் நாட்டுப் போகலைச் சுரங்கத்தில் அகழப்படும் காரீயத்தின் கதையோ வேறு. காரீயத்தின் ஒற்றைப் படலத்தில் இலத்திரன்கள் பெறக்கூடிய சக்திகளை வாலஸ் என்பார் 1947இலேயே கணித்துவிட்டார். அப்படலத்தைத் தனியே பிரித்து அதன் மின்குணங்களை அளந்து 2004இல் வெளியிட்டவர்கள், மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்துக் கைம், நோவோசெலோவ் ஆகியோரின் குழுவினர். படலத்தை உரித்தெடுக்க உதவியது சாதாரண ஒட்டுநாடா! அவ்விருவருக்கும் 2010இல் நோபெல் பரிசு கிடைத்தது. இங்கே கொள்கை 57 ஆண்டுகள் முந்திற்று. ஆகவே, எது உயர்ந்தது என்னும் வாதம் வீண்.

ஆயினும் பலர் தம் வழியைத் தெரிவது விருப்பினால் அன்று, அச்சத்தினால். கணிதம் வராதென்று ஒருவர் ஆய்வுகூடத்துட் புகுகிறார். கருவி இல்லை, கை தவறும் என்று மற்றொருவர் கணினி முன் அமர்கிறார். அன்பர்களே, எதற்கு அஞ்சி ஓடுகிறோமோ அது சென்ற இடத்திலும் நமக்காகக் காத்திருக்கும்.

கணினி முன் அமர்ந்தவரை நோக்குவோம். கோன், ஷாம் ஆகியோர் 1965இல் வகுத்த முறையைக் கொண்டு இன்று மாணவரும் பொருள்களின் குணங்களைக் கணிக்கலாம். ஆனால் அம்முறையின் எளிய வடிவம், சிலிக்கனின் சக்தி இடைவெளியை உண்மையில் ஏறத்தாழப் பாதியாகவே காட்டும். அளந்து கண்ட பெறுமானம் 1.1 இலத்திரன் வோல்ற்று. கணினி தன் குறையைத் தானே சொல்லாது. அழகிய வரைபடத்தையே தரும். அளவீட்டை அறியாதவர் அதை நம்பி ஏமாறுவார்.

ஆய்வுகூடம் புகுந்தவர் நிலை என்ன? கொதிக்கும் பொற்குளோரைட்டுக் கரைசலிற் சோடியம் சித்திரேற்றைச் சேர்த்தால் சில நிமிடங்களிற் செந்நிறம் தோன்றும். பாத்திரம் தூய்மையற்றதாயின் துணிக்கைகள் ஒன்றுகூடி நிறம் நீலமாய்த் திரிந்துவிடக்கூடும். நன்கு அமைந்த கரைசல் 520 நனோமீற்றரை அண்டிய ஒளியை மிகுதியாக உறிஞ்சும். அந்த எண் துணிக்கையின் பருமன்பற்றிக் கூறுவதென்ன? இதற்கு விடைகாண மீயின் கணிதத்தையே நாடவேண்டும்.

ஆதலால் மூன்று கேள்விகளை எழுப்புவோமாக. நாம் அறிய விரும்புவது என்ன? உள்ள மாதங்களிலும் உள்ள கருவிகளிலும் அது முடியுமா? இலத்திரன் நுணுக்குக்காட்டிக்காகப் பிற இடத்திற் காத்திருக்க நேரின் ஆண்டே கழிந்துவிடும். மூன்றாவது, எத்தகைய தோல்வியை நாம் பொறுப்போம்? ஒரே கரைசலைப் பத்து முறை ஆக்கும் பொறுமையா, ஒரு பிழையை மூன்று நாள் தேடும் பொறுமையா? நம் இயல்பை இக்கேள்வி நன்கு காட்டும்.

கொள்கை வழி செல்வோர், தம் முடிவைப் பொய்யாக்கக்கூடிய அளவீடு யாதென முதலிலேயே எழுதிவைக்குக. பரிசோதனை வழி செல்வோர், வரவேண்டிய எண் யாதென முன்னரே கணித்துவைக்குக. இங்ஙனஞ் செய்வார்க்கு எவ்வாயிலும் நல்வாயிலே. அச்சத்தைப் புறத்தே விட்டு உட்புகுவீர்களாக.